எட்டே நகர்வில் செக்மேட்! எங்லுண்ட் காம்பிட் வைக்கும் பொறி

[திரையில்: இறுதி நிலை. கறுப்பு ராணி சி1 கட்டத்தில்]

வெள்ளை ராஜாவைப் பாருங்கள். கிளம்பிய கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் சொந்தப் படை. ஆனாலும் ஆட்டம் முடிந்துவிட்டது!

பெயர்க்கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். காம்பிட் என்றால், செஸ் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஆதாயத்துக்காக ஒரு காயைப் பலி கொடுப்பது. ஃபிரிட்ஸ் எங்லுண்ட் சுவீடன்காரர். இந்தத் தொடக்கத்தை மட்டுமே ஆடும் போட்டி ஒன்றை 1932-இல் தன் ஆதரவில் நடத்தினார். போதும், பலகைக்கு வாருங்கள்.

[திரையில்: தொடக்க நிலை]

கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை. வெள்ளைச் சிப்பாய் டி4. கறுப்புச் சிப்பாய் உடனே இ5. எலிப்பொறியில் மசால் வடை வைத்தாயிற்று! வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு ராணி இ7. சொந்த மந்திரியின் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும் ராணியைப் பார்த்தால், எதிராளி நேற்றுதான் ஆடக் கற்றுக்கொண்டார் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

வெள்ளை மந்திரி எஃப்4. கறுப்பு ராணி பி4, செக்! அந்த ஒரே நகர்வு எஃப்4 மந்திரியையும் பி2 சிப்பாயையும் சேர்த்துத் தாக்குகிறது. மந்திரி டி2-க்குத் திரும்பிச் செக்கைத் தடுக்கிறது. ராணி பி2-வை வெட்டுகிறது.

வீடியோவை இங்கே நிறுத்துங்கள். உங்கள் கை எங்கே போகிறது? மந்திரியை சி3-இல் வைத்து ராணியைத் துரத்தத்தானே? இணையத்தில் எத்தனையோ அமெச்சூர்கள் விழுந்த குழி அதுதான்.

ராணி விலகியதால் திறந்த பாதையில் கறுப்பு மந்திரி பி4-க்குப் பாய்கிறது. சி3 மந்திரி இனி அசைந்து ராணியை வெட்ட முடியாது. அசைந்தால் ராஜாவுக்குச் செக். முட்டுக்கொடுக்க வெள்ளை ராணி டி2-க்கு ஓடிவருகிறது. கறுப்பு மந்திரி சி3-இல் வெட்டுகிறது, வெள்ளை ராணி திருப்பி வெட்டுகிறது, கறுப்பு ராணி சி1-இல் இறங்குகிறது. செக்மேட்!

[திரையில்: சி வரிசை மட்டும், பெரிதாக]

நான் சொக்கிப்போவது இந்த இடத்தில்தான். வெள்ளை ராணி அதே வரிசையில், இரண்டே கட்டம் தள்ளி, சி3-இல் நிற்கிறது. இறங்கி வெட்ட வேண்டியதுதானே? முடியாது! நடுவே சி2-இல், ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாத சொந்தச் சிப்பாய். குதிரை இருந்தும் பயனில்லை, மந்திரி இருந்தும் பயனில்லை. இவ்வளவு ஆட்களை வைத்துக்கொண்டு தோற்பது ஒரு தனித் திறமை.

என்னைக் கேட்டால், இது மட்டமான தொடக்கம். மூன்று நிமிட ஆட்டத்தில் பலிக்கும். யோசிக்க நேரம் உள்ள எதிராளியிடம் பலிக்காது.

மாற்று மருந்து எளிது: மந்திரிக்குப் பதில் குதிரையை சி3-இல் வையுங்கள். கறுப்பு மந்திரி பி4-க்கு வந்தால் உங்கள் யானை பி1. ராணி ஏ3-க்கு ஓடும். அப்போது குதிரையை டி5-க்கு ஏற்றுங்கள். அடுத்த பாய்ச்சல் சி7, ராஜாவும் யானையும் ஒரே அடியில்! அதைத் தடுக்கக் கறுப்பு என்ன செய்யலாம்? கமெண்டில் எழுதுங்கள். கணினியைக் கேட்டுவிட்டு எழுதுபவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன்.