சமாதானம் சொல்கிற அந்த அரை நிமிஷம்

[காட்சி: ஆலயத்தின் உள்ளே, பின்வரிசையிலிருந்து. எழுந்து நிற்கும் மக்களின் முதுகுகள்.]

வழிபாட்டில் ஒரு அரை நிமிஷம் உண்டு. "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று சொன்னதும் எல்லாரும் திரும்புவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கும்பிடு அல்லது ஒரு கைகுலுக்கல். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், நாலு வரிசை தாண்டி ஓடிப்போய்க் கை கொடுப்பார்கள். பெரியவர்களில் பாதிப்பேர் எதிரில் நிற்பவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. அதற்குள் பாடகர் குழு அடுத்த பாட்டை எடுத்துவிடும்.

வன்முறைக்கு எதிராகத் திருச்சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் அறிக்கைகளைத்தான் காட்டுவார்கள். போர் வந்தால் ஒரு அறிக்கை, கலவரம் வந்தால் இன்னொன்று. அவையும் தேவைதான். ஆனால் ஒரு பங்கின், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தின், கையில் அதைவிடப் பழைய கருவிகள் இருக்கின்றன. பீடம், பிரசங்க மேடை, வாசல், வேதபாடக் குழு என எல்லாமே ஞாயிறுதோறும் நம் கண்ணில் படுகிறவை. அவற்றை எடுத்து உபயோகித்தவர்களையும், கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிட்டவர்களையும் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: பீடம். வெள்ளைத் துணி.]

அந்த அரை நிமிஷத்தின் வேர் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்துவிட்டாய், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. கவனித்தீர்களா? மனத்தாங்கல் உனக்கு அவன்மேல் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல் என்கிறார். அதாவது காயப்படுத்தியவன்தான் எழுந்து போக வேண்டும். ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் 'திதாக்கே' என்ற பழைய நூல் இதைச் சட்டமாகவே வைத்திருந்தது. அயலானோடு சண்டையில் இருப்பவன் ஒப்புரவாகும்வரை நம் கூட்டத்தில் சேரக்கூடாது, இல்லாவிட்டால் நம் பலி, அதாவது நற்கருணை வழிபாடு, தீட்டுப்படும் என்கிறது அது.

சண்டை போட்டவன் சாதாரண ஆள் என்றால் சரி. ரோமைப் பேரரசன் என்றால்?

390ஆம் ஆண்டு தெசலோனிக்கா நகரில் ஒரு கலவரம். மக்களுக்குப் பிடித்தமான ரதவோட்டி ஒருவனைச் சிறையில் போட்டதற்காகக் கூட்டம் கொதித்தெழுந்து படைத்தளபதியைக் கொன்றுவிட்டது. பேரரசன் தெயோதோசியுஸ் பழிவாங்கப் படையை ஏவினான். 7,000 பேர் வெட்டிக் கொல்லப்பட்டதாகப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார்.

அப்போது மிலான் நகர ஆயராக இருந்தவர் அம்புரோஸ். ஆயர் ஆலய வாசலில் கையை நீட்டிப் பேரரசனைத் தடுத்து நிறுத்துவதுபோல் ஓவியங்கள் உண்டு. பார்க்க அருமையாகத்தான் இருக்கும், ஆனால் அது பிற்காலக் கதை. நிஜத்தில் அவர் ஒரு கடிதம் எழுதினார். எழுத்தரிடம் சொல்லி எழுத வைக்காமல், பேரரசன் மட்டும் படிக்கட்டும் என்று தன் கையாலேயே எழுதினார். நீ ஆலயத்தில் இருந்தால் நான் பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். தெயோதோசியுஸ் அரச உடையைக் கழற்றி வைத்துவிட்டு மக்கள் முன்னால் பாவப் பரிகாரம் செய்தான். அதன் பிறகே நற்கருணை கிடைத்தது.

அம்புரோஸ் கதையை இத்தோடு முடித்துக்கொள்ளத்தான் எல்லாப் பிரசங்கிகளுக்கும் ஆசை. எனக்கும்தான். ஆனால் அதற்கு இரண்டே வருஷம் முன்னால், 388இல், காலினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதர்களின் ஜெபக்கூடத்தைக் கொளுத்தியது. அந்த ஊர் ஆயரே தூண்டிவிட்டார். அதைத் திரும்பக் கட்டிக்கொடு என்று இதே தெயோதோசியுஸ் உத்தரவு போட்டபோது, அதை ரத்து செய்யும்வரை விடாமல் நெருக்கியவர் இதே அம்புரோஸ். அன்றைக்கும் அவர் காட்டிய ஆயுதம் பீடம்தான். பலிபீடத்தின் வலிமையும், அது யாருக்காக எடுக்கப்படும் என்ற சிக்கலும் ஒரே மனிதரிடம் இப்படிச் சேர்ந்து கிடக்கின்றன.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி. மெல்லிய இரைச்சல்.]

அடுத்தது பிரசங்க மேடை. எல் சால்வடோர், 1970களின் கடைசி. ராணுவமும் கொலைக் கும்பல்களும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன காலம். சான் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் ஒரு வேலை செய்தார். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று ஆலயத்தில் நாம் ஓலை வாசிப்போமே, அதுபோல அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்தார். எந்த ஊர், என்ன நடந்தது என்று சேர்த்துச் சொன்னார். செய்தித்தாள் தொடாத விஷயங்கள் அவை. மறைமாவட்ட வானொலியில் அது ஒலிபரப்பானதால் நாடு முழுக்கக் கேட்டார்கள். 1980 பிப்ரவரியில் அந்த வானொலி நிலையத்துக்கே குண்டு வைத்தார்கள்.

மார்ச் 23ஆம் தேதி ஞாயிறு, அவர் நேரடியாகப் படைவீரர்களிடமே பேசினார். நீங்கள் கொல்வது உங்கள் சொந்த விவசாயச் சகோதரர்களை. கடவுளின் கட்டளைக்கு எதிரான உத்தரவுக்கு எவனும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. கடவுளின் பெயரால் கட்டளையிடுகிறேன், அடக்குமுறையை நிறுத்துங்கள் என்றார். மறுநாள் மாலை ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு குண்டு. 2018 அக்டோபர் 14ஆம் தேதி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தபோது சக ஆயர்களில் பலர் அவர் பக்கம் நிற்கவில்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் புனிதர் கதை ரொம்பச் சுலபமாகிவிடும்.

[காட்சி: மூடிய மரக்கதவு.]

அப்புறம், வாசல்.

ருவாண்டாவில் 1994க்கு முன்னால் துத்சி என்ற சிறுபான்மை இனத்தார் தாக்கப்பட்டபோதெல்லாம் ஆலயத்துக்குள் ஓடிப்போனவர்கள் பிழைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோதும் ஓடினார்கள். இந்த முறை கொலையாளிகள் ஆலயத்துக்குள்ளேயே வந்தார்கள். நியாங்கே என்ற பங்கில் நடந்ததைக் கேட்டால் தொண்டை அடைக்கும். சுமார் 1,500 பேர் உள்ளே இருந்த ஆலயத்தைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். அந்தப் பங்கின் குருவே அதற்கு உடந்தை என்று ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2006இல் 15 ஆண்டு, மேல்முறையீட்டில் 2008இல் ஆயுள் தண்டனை. வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் பல இடங்களில் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். போன ஞாயிறு ஒருவருக்கொருவர் சமாதானம் சொன்னவர்கள்.

நாட்டில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேடுகள் நிறைந்து வழிந்தன. அடையாள அட்டையில் எழுதியிருந்த இனத்தின் பெயரை அந்தத் தண்ணீர் அழிக்கவில்லை. 2017 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையும் அதன் மக்களும் அங்கே செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பை மன்றாடினார்.

வாசல் வேறு மாதிரியும் திறந்திருக்கிறது. பிரான்சில் லெ ஷம்போன் என்ற மலைக்கிராமம். 1940 ஜூன் 22ஆம் தேதி நாஜிகளோடு பிரான்ஸ் போர்நிறுத்தம் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிறு. போதகர் ஆந்த்ரே த்ரொக்மேயும் அவருடைய சக போதகரும், மனசாட்சியின்மேல் வரும் வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவரின் கடமை என்று சபையில் சொன்னார்கள். அடுத்த நாலு வருஷம் அந்த வட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கான யூதர்களை வீடுகளிலும் பண்ணைகளிலும் மறைத்துக் காப்பாற்றினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அவர்கள் செய்த விதம். புதிதாக ஒரு ரகசிய இயக்கம் எதையும் அவர்கள் கட்டவில்லை. ஏற்கெனவே வேதபாடக் குழுக்கள் இருந்தன, அவற்றை நடத்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களைப் போதகர் தவறாமல் சந்தித்து வந்தார். அதே வழியாகத்தான் செய்தியும் போனது.

1943 பிப்ரவரியில் ஒரு இரவு, த்ரொக்மேயைக் கைது செய்ய போலீஸ் வந்தது. அவர் வீட்டில் இல்லை. அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்ததும் அவருடைய மனைவி மாக்தா, வந்தவர்களையும் சாப்பிட உட்காரச் சொன்னார். கணவனைக் கொண்டுபோக வந்தவர்களுக்குச் சாப்பாடா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், அது சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான் என்கிற தோரணையில் பதில் சொன்னாராம்.

[காட்சி: மறுபடியும் பெஞ்சு வரிசைகள். காமிரா ஒரு வரிசையில் மட்டும் நிற்கிறது.]

சரி, பேரரசனும் ராணுவமும் நாஜிகளும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மூன்றாவது வரிசையில் ஒரு குடும்பம். கணவர் பங்குப் பேரவை உறுப்பினர், காணிக்கை எண்ணுகிறவர். மனைவி முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறார். சமாதானம் சொல்லும் நேரத்தில் கணவர் முதலில் மனைவிக்குத்தான் கை கொடுக்கிறார். மனைவியும் கொடுக்கிறார். வேறென்ன செய்வார்? எல்லாரும் பார்க்கிறார்கள்.

இந்தப் பெண் ஒருநாள் பங்கு அலுவலகத்துக்கு வருகிறார். அங்கே என்ன பதில் கிடைக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். "பொறுத்துப் போம்மா. ஜெபம் பண்ணு. பிள்ளைகளை நினைச்சுப் பாரு." இதைச் சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைக்கிறார்.

இந்த அறிவுரை எவ்வளவு பழையது என்பதற்கு 4ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கி யோவான் கிறிசோஸ்தோம் சாட்சி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் பற்றிய 26ஆம் மறையுரையில், மனைவியை அடிக்கிறவனை அவர் கிழிகிழியென்று கிழிக்கிறார். சந்தெல்லாம் அலறல் கேட்கிறது, உள்ளே ஏதோ காட்டு மிருகம் புகுந்துவிட்டதுபோல் அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள், அப்படிப்பட்டவன் மண்ணுக்குள் போவதே மேல் என்கிறார். அதே மறையுரையில் மனைவியைப் பார்த்து, முரட்டுக் கணவனைப் பொறுத்துக்கொள் என்றும் சொல்கிறார். கண்டனம் அவனுக்கு, பொறுமை அவளுக்கு. பதினாறு நூற்றாண்டுகளாகப் பங்கு அலுவலகங்களில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

எபேசியர் 5ஆம் அதிகாரத்தையும் இங்கே எடுப்பார்கள். மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற 22ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்கள். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. அது 21ஆம் வசனத்திலிருந்து கடன் வாங்கியது. 21 சொல்வது, ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று. வாக்கியத்தை நடுவில் வெட்டினால்தான் அடிக்கிறவனுக்கு வசனம் கிடைக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் விதி, மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ கடும் ஆபத்து என்றால் பிரிந்துபோக நியாயமான காரணம் உண்டு என்கிறது. ஆயரின் அனுமதிக்குக் காத்திருப்பதே ஆபத்து என்றால் தானாகவே கிளம்பிவிடலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி எழுதிய மடலில் ஒருபடி மேலே போய், சில சமயம் பிரிவது ஒழுக்கக் கடமையாகவே ஆகிவிடும் என்றார். இந்த விதியைத் திருமணத் தயாரிப்பு வகுப்பில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

[காட்சி: இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே. பிறகு ஒன்று மட்டும்.]

நல்லெண்ணத்தில் செய்கிற மூன்று தப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது முதல் தப்பு. சாதாரணச் சண்டைக்கு அது சரி. அடி வாங்குகிறவர் அந்த அறையில் உண்மையைச் சொன்னால், அதற்கான கணக்கு வீட்டில் தீர்க்கப்படும். சொல்லாவிட்டால், பிரச்சினை ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்வார்கள். தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பாவசங்கீர்த்தனத் தொட்டி, அதாவது குருவிடம் ரகசியமாகப் பாவங்களை அறிக்கையிடும் இடம். ஒரு பெண் தான் அடிபடுவதை அங்கே வந்து சொன்னால் குருவின் வாய் கட்டப்பட்டுவிடும். அந்த ரகசியத்தை உடைக்க முடியாது, யாரிடமும் உதவி கேட்க முடியாது. விவரம் தெரிந்த குருக்கள், "இது உங்கள் பாவம் இல்லையே அம்மா, இதை வெளியே வந்து என்னிடம் மறுபடி சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் மாறிவிடும். அடிக்கிறவன் அதே தொட்டிக்கு வந்தால், திருந்தும் உறுதி இல்லாமல் மன்னிப்பு கிடையாது என்பதும் பழைய போதனைதான்.

மூன்றாவது, பொறுப்பில் இருப்பவரைக் காப்பாற்றுவது. ஆள் நல்ல உழைப்பாளி, காணிக்கைக் கணக்கில் ஒரு பைசா தப்பாது, அவரை எப்படி நீக்குவது என்பார்கள். குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகளில் திருச்சபை இதே கணக்கைப் போட்டு எங்கே போய் முட்டியது என்று உலகத்துக்கே தெரியும். குருக்களும் துறவியரும் இப்படிப்பட்ட புகாரைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2019இல்தான் உலகம் முழுமைக்கும் சட்டம் வந்தது.

[காட்சி: ஆலய மண்டபத்தின் கழுவுமிடம். கதவின் உட்புறம்.]

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சில பங்குகளில் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை. அங்கே நின்று குறித்துக்கொள்கிற பெண்ணை யாராவது பார்த்துவிடுவார்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுகிறார்கள். தாளின் அடிப்பகுதியைச் சின்னச் சின்ன நாக்குகளாகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். கிழித்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டு, சமாதானம் சொல்லும் நேரத்துக்குள் பெஞ்சுக்குத் திரும்பிவிடலாம். யார் கிழித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தாளில் எத்தனை நாக்குகள் குறைந்திருக்கின்றன என்பது மட்டும் தெரியும்.