சாரிட்டி ஷாப்பில் வாங்குவது சாமர்த்தியமா, கஞ்சத்தனமா? - 'சாமர்த்தியமே' அணி உரை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். ரெண்டு அணிக்கும் வணக்கம். சர்க்கரைப் பொங்கலை ஒரு பிடி பிடிச்சிட்டு கொட்டாவியை மறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். அவ்வளவுதான், எனக்கு குடுத்ததே கொஞ்ச நேரம், அதுல பாதி எனக்கு முன்னாடி பேசிட்டு போன எதிரணி அண்ணனுக்கே சரியா இருக்கும்.

சாரிட்டி ஷாப்புன்னா, இங்க இங்கிலாந்துல ஜனங்க சும்மா குடுக்கிற பழைய சாமானை வித்து, அந்த காசை தர்ம காரியத்துக்கு போடற கடை. அங்க வாங்கறதை பத்தி அண்ணன் என்ன சொன்னார்? "எதிரணிக்காரர் செத்தவன் சட்டையை போட்டுக்கிட்டு மேடை ஏற வந்திருக்கார், சட்டைக்கு சொந்தக்காரன் பின்னாடியே நிக்கிறான் பாருங்க"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. என் வீட்டம்மாவும் தட்டினாங்க, நான் பாத்தேன், அதை வீட்ல பேசிக்கிறேன்.

முதல்ல தலைப்பை தொட்டுடறேன், இல்லன்னா நடுவர் மார்க்குல கை வச்சிடுவார். 1942-ல, நாஜிக்காரன் பிடியில இருந்த கிரீஸ்ல ஜனங்க பட்டினியில செத்துக்கிட்டு இருந்தப்ப அவங்களுக்கு சாப்பாடு அனுப்பணும்னு ஆக்ஸ்போர்ட்ல கூடின கமிட்டி தான் இன்னிக்கு ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனம். 1947-ல பிராட் ஸ்ட்ரீட்ல கடையை திறந்தாங்க. ஆக, பசியில பொறந்த கடைங்க அது. நீங்க வரி கட்டுறவரா இருந்து, கிஃப்ட் எய்ட் ஃபார்ம்ல ஒரு கையெழுத்து போட்டு பையை குடுத்தீங்கன்னா, உங்க பழைய சாமான் 10 பவுண்டுக்கு போனா கவர்மெண்ட் மேல 2.50 போடும். நாம கட்டின வரியில இருந்து காசை திருப்பி வாங்கி நல்ல காரியத்துக்கு குடுக்கிறது சாமர்த்தியம் இல்லன்னா வேற எதுங்க சாமர்த்தியம்? தலைப்பு முடிஞ்சுது. இனிமே அண்ணன்.

அதுக்கு முன்னாடி என் சகலை கதையை கேளுங்க.

சகலை பேங்க்ல பெரிய வேலை. அவருக்கு சாரிட்டி ஷாப்புன்னா உயிர், ஆனா வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். இருக்கிறது லண்டன்ல ஹாரோ, ஆனா ஹாரோ கடை வாசப்படி மிதிக்க மாட்டார், நம்மாளுங்க கண்ணுல பட்டுடுமாம். அதனால சனிக்கிழமை காலையில "ஆபீஸ்ல மீட்டிங்"னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு ட்ரெயின் ஏறி வில்ஸ்டன் ஜங்ஷன்ல மாறி ரிச்மண்ட் போவார். பணக்காரங்க ஏரியா கடையில தான் நல்ல சரக்கு வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. வாஸ்தவம் தான், ஆனா அந்த கடைக்காரங்களும் லேபிளை படிக்கத் தெரிஞ்சவங்க, பிராண்டை பாத்ததும் விலையை ஏத்திடுவாங்க, அது கிடக்கட்டும்.

தலையில குரங்கு குல்லா, கழுத்துல மஃப்ளர், மூஞ்சியில மாஸ்க். கண்ணு மட்டும் தான் வெளிய. நேரா ஆம்பளைங்க கோட்டு ஸ்டாண்டுக்கு போறார். விரலாலயே தடவிக்கிட்டு போறாரு, பாலியஸ்டர், பாலியஸ்டர், பாலியஸ்டர்... நின்னுது கை. உள்பக்கம் புரட்டி பாக்கறார், லேபிள்ல ஒரு உருண்டை, உருண்டை மேல ஒரு சிலுவை. ஹாரிஸ் ட்வீட் கம்பளி! ஸ்காட்லாந்துக்கு மேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுல, அந்த ஊர்க்காரங்க அவங்கவங்க வீட்டு தறியில கையால நெய்தா தான் அந்த பேரு போடலாம், அதுக்குன்னு 1993-ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டிருக்காங்க. சகலைக்கு கை நடுங்குது. அக்குள் பக்கம் லைனிங் கிழிஞ்சிருக்கா பாக்கறார், இல்ல. லைட்டுக்கு நேரா தூக்கி பூச்சி அரிச்ச ஓட்டை இருக்கான்னு பாக்கறார், இல்ல. பட்டன் எல்லாம் இருக்கு. விலைச்சீட்டு, 15 பவுண்டு! ஹேங்கரை உருவறார், வரமாட்டேங்குது.

ஏன் வரல? அந்த பக்கம் இன்னொரு கை, கோட்டோட இன்னொரு ஸ்லீவை பிடிச்சிருக்கு.

நிமிந்து பாக்கறார். அங்கயும் குரங்கு குல்லா, மஃப்ளர், மாஸ்க்! ரெண்டு பேரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க, திறந்தா ஊர் தெரிஞ்சிடும்ல. இவர் இழுக்கறார், அவர் இழுக்கறார். பொறுக்க முடியாம இவர் ராணி வீட்டுல பொறந்தவர் கணக்கா "எக்ஸ்க்யூஸ் மீ"ங்கறார். அவர் அதுக்கு மேல, மூக்கால, "ஐ பெக் யுவர் பார்டன்"ங்கறார். கடையில கல்லாவுல நிக்கிற வெள்ளைக்கார பாட்டி, ரெண்டு லார்டுங்க சண்டை போடறாங்கன்னு நினைச்சு பயந்து போய் நிக்குது. கரெக்டா அந்த நேரம் பாத்து அவர் பாக்கெட்ல போன் அடிக்குது. என்ன ரிங்டோன்? முருகன் பாட்டு!

கடைசி வரிசையில சிரிப்பு வரல, திரும்ப சொல்றேன். குல்லா, மஃப்ளர், மாஸ்க், ஐ பெக் யுவர் பார்டன், முருகன் பாட்டு. வந்துச்சா? சரி.

சகலை "அட, நீங்களா!"ன்னு கத்திட்டார். உடனே ட்ரையல் ரூம் திரைக்கு பின்னாடி இருந்து ஒரு குரல், "யாருப்பா அது, நம்ம ஊர் சத்தம் மாதிரி இருக்கு?" நம்ம கோயில் டிரஸ்டி! ஒரு கால் பேண்ட்டுல, ஒரு கால் வெளிய.

அந்த இன்னொரு கை யாருதுன்னு தானே கேக்கறீங்க? பேரை சொல்ல மாட்டேன், சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கு. எதிரணியில, மூணாவது நாற்காலியில, பிரவுன் கலர் கோட்டு போட்டுக்கிட்டு, இப்ப தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காரே... நடுவர் ஐயா, அந்த கோட்டை கொஞ்சம் விரிச்சு காட்டச் சொல்லுங்க. உருண்டை மேல சிலுவை இருக்கும்!

பொத்தானை போடறார் பாருங்க, பொத்தானை போடறார்!

சரி, செத்தவன் சட்டைக்கு வருவோம். அண்ணி கழுத்துல இருக்கே ரெட்டை வடம், மாமியாரோட மாமியார் போட்டதுன்னு அண்ணியே தான் பெருமையா சொன்னாங்க. அந்தம்மா இப்ப உயிரோடவா இருக்காங்க? செத்தவங்க நகைன்னா லாக்கர்ல வச்சு சாமி கும்பிடுவீங்க, சட்டைன்னா மட்டும் தொட மாட்டீங்களா? இருக்கிற வீடு? விக்டோரியா காலத்து டெரஸ் வீடு, 25 வருஷம் மார்ட்கேஜ். அந்த பெட்ரூம்ல எத்தனை துரைங்க உயிர் விட்டிருப்பாங்கன்னு கணக்கு கேட்டீங்களா? கிச்சன் பெருசா இருக்கான்னு தானே கேட்டீங்க!

புதுசு புதுசுங்கறீங்களே, யார்க்ஷயர்ல பேட்லின்னு ஒரு ஊர். 1813-லயே பெஞ்சமின் லாங்கறவர் பழைய கம்பளிக் கந்தையை எல்லாம் பிச்சு நாராக்கி, புதுக் கம்பளியோட கலந்து மறுபடி நூலாக்கி துணி நெய்துட்டார். அந்த துணியில பட்டாளத்துக்கே கோட்டு தைச்சாங்க. இன்னிக்கு ஆக்ஸ்ஃபாம் கடைங்கள்ல விக்காத துணி தரம் பிரிக்க போறதும் அதே பேட்லிக்கு தான்.

இதெல்லாம் கூட விடுங்க. அண்ணே, நீங்க பொறந்த அன்னிக்கு உங்களுக்கு என்ன போட்டாங்க? புதுத்துணி உடனே போடக்கூடாதுன்னு, நல்லா வாழ்ந்த பெரியவங்க கட்டின பழைய வேட்டியை கிழிச்சு தானே சுத்தினாங்க? தூளி எதுல கட்டினாங்க, அம்மாவோட பழைய நூல் புடவையில தானே? இந்த பூமிக்கு வந்து நீங்க போட்ட முதல் துணியே செகண்ட் ஹேண்ட், இங்க வந்து புதுசுதான் கௌரவம்னு எனக்கு பாடம் எடுக்கறீங்க!

இப்ப கொஞ்சம் சிரிக்காம கேளுங்க. என் வீட்டம்மா சனிக்கிழமையில எங்க ஏரியா கடையில வாலண்டியரா போறாங்க, சம்பளம் கிடையாது. பின்னாடி ரூம்ல வர்ற பையை பிரிச்சு, பாக்கெட்டுல கை விட்டு பாத்து, ஸ்டீமர் பிடிச்சு, டேக் கன்னால விலைச்சீட்டு குத்தி அனுப்பணும். பாக்கெட்டுல தான் எல்லாம் இருக்கும், பஸ் டிக்கெட்டு, மூக்குக் கண்ணாடி, பாதி தின்ன மின்ட் மிட்டாய் சுருள்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா, எண்பது வயசு இருக்கும், ரெண்டு பை கொண்டு வந்தாங்க. புருஷனோட சட்டைங்க. எல்லாம் இஸ்திரி போட்டு, காலர் பட்டன் வரைக்கும் மாட்டி, மடிச்சு. இன்னும் அவர் நாளைக்கு ஆபீஸ் போகப்போற மாதிரி. "இதை கந்தையோட போட்டுடாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாசல்ல நின்னாங்களாம், போகவே இல்லையாம். என் வீட்டம்மா கைவேலையை விட்டுட்டு வந்து, அவங்க கண்ணு முன்னாடியே அதுல ஒண்ணை எடுத்து ஹேங்கர்ல மாட்டி ஷோகேஸ்ல தொங்க விட்டிருக்காங்க. அன்னிக்கு சாயந்திரமே நம்ம ஊர்ல இருந்து படிக்க வந்த பையன் ஒருத்தன், வேலை இன்டர்வியூன்னு சொல்லி அதை வாங்கிட்டு போயிட்டான். ஊர்ல அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டின பையன், அவன்கிட்ட போய் கஞ்சன்னு சொல்லுவீங்களா அண்ணே? அந்த அம்மாகிட்ட போய் சொல்லுவீங்களா, உங்க புருஷன் சட்டை அருவருப்புன்னு?

பெல் அடிச்சிட்டாங்க, முடிச்சிடறேன். வெளிய என் வண்டி டிக்கியை திறந்தே வச்சிருக்கேன். கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல பூட்டி வச்சிருக்கிறதை எல்லாம் துவைச்சு கொண்டாங்க, நானே கடையில சேத்துடறேன். ஹெல்மெட், குழந்தைங்க கார் சீட்டு வேண்டாம், எடுக்க மாட்டாங்க. சோபான்னா நெருப்பு பிடிக்காதுங்கிற லேபிள் அப்படியே இருக்கணும், பிச்சிருந்தா அவங்க ஏத்த மாட்டாங்க. பிரவுன் கோட்டு மட்டும் யாராவது கொண்டு வந்தீங்கன்னா முதல்ல என் சகலைக்கு போன் பண்ணுவேன். நன்றி, வணக்கம்.