பட்டறை வைக்க ஒரு ஷெட் குடுங்கய்யா (மதுரை புதூர் கூட்டத்துல பேசுனது)

மேடையில இருக்கிற தலைவர் ஐயா, மாவட்டத் தொழில் மையத்துல இருந்து வந்திருக்கிற அதிகாரி, பேங்க் மேனேஜர் அம்மா, பட்டறைய சாத்திட்டு வந்திருக்கிற அண்ணன்மாருங்க, பொன்னாடை போத்துன தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கம். யாரு பேராவது விட்டுருந்தா பெரிய மனசு பண்ணி பொறுத்துக்கங்க.

புதுசா ஃபேக்டரி ஒரு ஊர்ல முளைக்குது, இன்னொரு ஊர்ல முளைக்கல. ஏன்? சந்தை, தொழில் தெரிஞ்ச ஆளு, இடம், இந்த மூணையும் பத்தி பேசுறேன். சுவர் இருந்தாத்தான் சித்திரம்.

கோயமுத்தூர பாருங்க. சுத்தி பருத்தி, கிணத்துல தண்ணி ஆழத்துல கெடக்கு, 1930கள்ல நீலகிரி பைக்காரா ஆத்துத் தண்ணில எடுத்த கரண்ட் வந்துச்சு, மில்லு பெருகுச்சு, அந்தக் கிணத்துத் தண்ணிய எறைக்க மோட்டார் பம்பு பட்டறையும் பெருகுச்சு. மதுரையில மட்டும் என்ன கொறை? 1892லயே மில்லு, 1911ல டிவிஎஸ், அப்புறம் டயர், ரப்பர்னு தலைமுறையா கைப்பழக்கம் உள்ள ஊரு.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், ரப்பர் வாஷர் அடிக்கிறதுல கெட்டி, சொந்தமா பட்டறை போடணும்னு அலைஞ்சான். ஒரு எடத்துல பத்து மாச அட்வான்ஸ் கேட்டாங்க, இன்னொரு எடத்துல மிஷின் சத்தம்னு விரட்டுனாங்க, கடைசியில திருமங்கலம் பக்கம் மாமியா வீட்டு மாட்டுக்கொட்டாய்ல ஒரு ஓரமா ரப்பர அச்சுல அழுத்துற பிரஸ் மிஷின போட்டான், மறு ஓரம் மாடு. "மாப்ள, ஒங்க ரப்பர் நாத்தத்துல பசு பால் கம்மியா கறக்குது"ன்னு மாமியா பொலம்ப, சாயந்தரம் ஆனா வோல்டேஜ் எறங்கிடும், ஹீட்டர் சூடு ஏறாது, ரப்பர் வெந்து இறுகாது, பம்பு கடைக்காரர் ஒரு மூட்டை வாஷரையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. இப்ப திரும்ப சம்பளத்துக்குப் போறான். ஆர்டர் கெடைச்சுச்சு, தொழில் தெரியும், இடம்தான் இல்ல. சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

சந்தைய பத்தி விரிவா பேச நேரமில்ல, தலைவர் ஐயா மணிய பாக்குறாரு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைல மனை வாங்க வசதி உள்ளவன் வாங்கிக்கட்டும், மொத மொதல்ல தொழில் தொடங்குறவனுக்கு ஐநூறு சதுர அடியில, பெரிய மிஷின் ஓட்டுற த்ரீ ஃபேஸ் கரண்ட்டோட, மாச வாடகைக்கு ரெடி ஷெட் வேணும், அட்வான்ஸ் ரெண்டு மாசத்துக்கு மேல கூடாது. மனு வாசல் மேசையில இருக்கு, காபி குடிக்கப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்துப் போட்டுருங்க.