நழுவிய தங்கமும் கைமாறிய குதிரையும்

நடுவர் அவர்களே, விளையாட்டு வீரருக்குப் பெருமை வாங்கிய பதக்கத்திலா, வளர்த்த சீடரிலா என்பது தலைப்பு. நான் சீடர் பக்கம். எதிரணி அண்ணன், "தங்கம் வாங்காத பயிற்றுவிப்பாளரிடம் நம் பிள்ளையை அனுப்புவோமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். சரி, பெட்டினா ஹாய் என்ற ஜெர்மன் வீராங்கனையிடம் அனுப்பிப் பார்ப்போமா?

2024 அக்டோபரில் நம் சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து நமக்குக் குதிரை ஞாபகமே போய்விட்டது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவருடைய ஆட்டம் ஈவென்டிங். ஒரே ஆளும் ஒரே குதிரையும் மூன்று சோதனை: டிரஸ்ஸாஜில் அரங்கேற்றம் மாதிரி அளந்து அடி வைக்க வேண்டும், அப்புறம் மேடு பள்ளம் தண்ணீரெல்லாம் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, கடைசியில் கட்டை விழாமல் தடை தாண்டல்.

2004 ஏதென்ஸ். தடை தாண்டலில் ஹாய் தொடக்கக் கோட்டை ஒருமுறை கடந்து, வட்டமடித்து வந்து மறுபடியும் கடந்துவிட்டார், பலகைக் கடிகாரமோ இரண்டாவது தடவையிலிருந்து எண்ணியது. முதல் தடவையிலிருந்தே எண்ண வேண்டும் என்று முதலில் நேரத் தண்டனை, பிறகு மேல்முறையீட்டில் அது ரத்து, தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் அவருக்கு! சில நாள்தான். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போக, இரண்டு தங்கமும் போயின. அண்ணன் கணக்கில் அந்த அம்மா கதை அங்கேயே முடிந்தது. (1984 அணி வெண்கலமும் 1997 ஐரோப்பியப் பட்டமும் அவரிடம் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

பெங்களூருப் பையன் ஃபவாத் மிர்சா ஜெர்மனிக்குப் போய் அவரிடம்தான் கற்றார். ஹாய் தானே ஏறிப் போட்டியிட்ட சென்யோர் மெடிகாட் என்ற குதிரை பிறகு மிர்சாவிடம் வந்தது. அந்தக் குதிரையில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி, அணிக்கும் வெள்ளி. குதிரையேற்றத்தில் இந்தியருக்குத் தனிநபர் பதக்கம் 1982-க்குப் பிறகு அதுதான். அடுத்து தோக்கியோ ஒலிம்பிக்கிற்குள் இன்னொரு ஜெர்மன் வீராங்கனை சாண்ட்ரா அவ்ஃபார்த்திடம் பயிற்சிக்குப் போய்விட்டார், அங்கே 23-ஆம் இடம், ஆனால் ஏறியது அதே குதிரை. அண்ணே, நீதிமன்றம் தங்கத்தை வாங்கிக்கொள்ளலாம், மிர்சா கற்றதை எந்த நீதிமன்றம் திரும்பக் கேட்கும்?

நடுவர் மணியைத் தொடுகிறார். கோட்டை இரண்டாம் முறை கடந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் நானே சொன்னேன், உட்கார்ந்துவிடுகிறேன்.