கூலி என்றால் ஆளா, சம்பளமா?

பெரியோர்களே, தாய்மார்களே, மூட்டை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

புதுச்சேரிக் கடற்கரைக்கு இன்று காற்று வாங்க வருகிறோம். ஒரு காலத்தில் இது வேலைத்தளம். இயற்கைத் துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சலங்குப் படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய்வரும். 1866இல் கட்டிய கப்பல் பாலம் 1952 புயலில் போய்விட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போன நீலத் துணிக் கட்டும், பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போன மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையும் மனிதர்களின் முதுகில் ஏறித்தான் படகுக்குப் போயின.

அந்த வேலைக்குக் கொடுத்த காசுதான் கூலி. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று இன்றும் சொல்கிறோமே, அதே பொருள். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று வள்ளுவர் சொன்னதும் உழைப்பின் பலனைத்தான். உழைக்கிறவரைச் சொல்ல வேண்டுமென்றால் கூலியாள், கூலிக்காரர் என்போம். ஆள் தனி, கூலி தனி.

ஐரோப்பியர் வாயில் அந்த ‘ஆள்’ காணாமல் போனார். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் சரி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மனிதருக்கே ‘கூலி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரோடுதான் நம் மக்கள் கடல் கடந்தார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் இறக்கியது. மறு ஆண்டு அதே கடலிலுள்ள குவாதலூப்பில். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டபின், பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடிக்க வழி திறந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் தொழிலாளர் பட்ட கொடுமைகள் வெளியே தெரிந்து, 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசே அங்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கொடுமை எந்த அளவுக்கு இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்! தொழிலாளர்களின் வேலை ஒப்பந்தம் முடிந்தும் அந்தப் பெயர் விடவில்லை. அந்தத் தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் அவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூட ‘கூலி’ என்று ஏசினார்கள்.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ‘உடலுழைப்புத் தொழிலாளர்’ என்கிறது. ரயில் நிலையச் சுமைதூக்குவோருக்கு 2016 பட்ஜெட்டில் ‘சகாயக்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் நம் கடைத்தெருவில் லாரி வந்து நின்றதும், ‘ரெண்டு கூலியக் கூப்பிடு’ என்ற குரல்தான் இன்னும் கேட்கிறது. எனக்கு அது வலிக்கிறது.

வியாபாரிகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நாளைக் காலை லாரி வரும்போது ‘அண்ணே’ என்று கூப்பிடுங்கள். மூட்டைக்கு என்ன கூலி என்பதை, இறக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நன்றி, வணக்கம்.