அந்தப் பெண்ணுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வீட்டில் போர்வைக்குள் இருந்து படம் பார்க்கவேண்டிய சனிக்கிழமை மாலையில், படம் பார்ப்பதைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறீர்கள். நன்றி. நான் எடுத்துக்கொண்டது உயர்ந்த சினிமா அல்ல. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் கிறிஸ்மஸ் காதல் படங்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டார். வேலை இல்லாமல் இருப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று அவருக்குச் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படத்தின் கதை என்று மட்டும் கேட்காதீர்கள். பெருநகரத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி விளம்பர நிறுவனத்திலோ பத்திரிகையிலோ வேலை செய்கிறாள். கையில் எப்போதும் தொலைபேசி. கட்டிக்கொள்ள இருப்பவனுக்குப் பங்குச் சந்தை தவிர வேறு நினைப்பு இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் அவள் ஒரு சிற்றூருக்குப் போகவேண்டி வருகிறது. பாட்டியின் விடுதியை விற்பதற்காக இருக்கலாம், ஒரு கட்டுரை எழுதுவதற்காக இருக்கலாம். போன அன்றே கடைத்தெருவில் ஒருவனோடு மோதுகிறாள், கோப்பி மேலங்கியில் கொட்டுகிறது. அவன் கட்டம்போட்ட சட்டைக்காரன். கிறிஸ்மஸ் மரப் பண்ணை வைத்திருப்பான், அல்லது தச்சனாக இருப்பான். பெரும்பாலும் மனைவியை இழந்தவன், வயதுக்கு மிஞ்சிய புத்தியுள்ள எட்டு வயது மகள் உண்டு. பிஸ்கட் சுடுகிறார்கள், மரத்துக்கு விளக்கேற்றுகிறார்கள், பனியை உருட்டி எறிந்து விளையாடுகிறார்கள். முத்தமிடக் குனிகிறார்கள், யாராவது கதவைத் திறக்கிறார்கள். பிறகு நகரத்திலிருந்து பதவி உயர்வு வருகிறது, அவன் பிழையாக விளங்கிக்கொள்கிறான். அவள் காரில் ஏறுகிறாள், பாதி வழியில் திரும்புகிறாள். பனி பொழிகிறது. முத்தம். படம் முடிந்தது.

என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய ஆங்கிலம் வேலைத்தலத்தில் பொறுக்கிய ஆங்கிலம். இந்தப் படங்களுக்கு அது தாராளமாகப் போதும். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். நாயகனும் நாயகியும் ஆளுக்கொரு காகிதக் கோப்பையோடு கடைத்தெருவில் நடந்து வந்தார்கள்.

"உள்ளே ஒன்றும் இல்லை" என்றார் அம்மா.

"எப்படித் தெரியும்?"

"கையைப் பார். சுடுகோப்பி பிடித்த கை இப்படியா ஆடும்?"

பார்த்தேன். அந்தப் பெண் பேச்சு வேகத்தில் கோப்பையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து அம்மா இன்னொன்றும் சொன்னார். "வாயால் புகை வரவில்லை. இது வெயில் காலத்தில் எடுத்தது." ஜனவரி மாதத்து விடியலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களின் கண்ணுக்குத்தான் அது படும்.

ஆகவே இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் ஏமாளிகள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ட்விட்டரில் ஒரு கேலி செய்தது. இளவரசன் ஒருவனின் கிறிஸ்மஸ் காதல் படத்தைத் தொடர்ந்து 18 நாள்களாகத் தினமும் பார்த்துவந்த 53 பேரை விளித்து, உங்கள் மனதை நோகடித்தது யார் என்று கேட்டது. கடைக்கு வந்த ஆளைப் பார்த்துக் கடைக்காரரே சிரித்த கதை அது. நாங்கள் எதை எத்தனை தடவை பார்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டா இருக்கிறாய் என்று பலர் எரிச்சலடைந்ததும் நியாயமே.

முடிவு தெரிந்த கதையைப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். அவன் கழுமரம் ஏறப்போகிறான் என்பது பாய் விரிக்கும்போதே தெரியும். பிறகு ஏன் விடியும்வரை இருந்தோம்? இந்த முறை ஆரியமாலையாக வருபவருக்குக் குரல் எப்படி, பிற்பாட்டுக்காரரின் தொண்டை விடியும்வரை தாங்குமா என்று பார்க்கத்தான். அம்மாவும் அப்படித்தான். "இந்தப் பாட்டி போன கிழமைப் படத்தில் மாமியாராக வந்தவ" என்பார். தெரிந்த நடிகையைக் கண்டால் ஊர்க்காரரைக் கண்டதுபோல ஒரு மலர்ச்சி.

இனி, இந்தத் தொழிலை நடத்துபவர்கள். 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற பதினெட்டு வயது இளைஞர், அஞ்சலட்டைகள் நிறைந்த சப்பாத்துப் பெட்டிகளோடு அமெரிக்காவின் கான்சஸ் சிற்றிக்கு வந்து இறங்கினார். ஹால்மார்க் வாழ்த்தட்டை நிறுவனம் அப்படித் தொடங்கியது. 1917இல் கிறிஸ்மஸ் நேரத்தில் பரிசு சுற்றும் மெல்லிய தாள் கடையில் தீர்ந்துபோக, கடித உறைகளின் உட்புறம் ஒட்ட வைத்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து விற்றார்கள். அது விற்றுத் தீர்ந்தது. இன்று நாம் பரிசுப் பொதியைப் பிரித்து எறிகிற வண்ணத்தாள் வியாபாரம் அங்கே தொடங்குகிறது. 1951 டிசம்பர் 24 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கிறிஸ்மஸ் இசை நாடகம் இதே நிறுவனத்தின் ஆதரவில் ஒளிபரப்பானது. தொலைக்காட்சிக்கென்றே அங்கே எழுதப்பட்ட முதல் ஓபரா அது. ஹால்மார்க் சேனல் 2001இல் வந்தது, கிறிஸ்மஸ் படங்களை வரிசைகட்டி விடும் வழக்கம் 2009இல். இப்போது ஹலோவீன் பூசணிக்காய் வாசலில் இருக்கும்போதே அக்டோபரில் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே பருவத்தில் நாற்பது புதுப் படங்கள் வந்த வருடங்களும் உண்டு. இந்தப் படங்கள் வாழ்த்தட்டை போல இருக்கின்றன என்று விமர்சகர்கள் குறை சொல்கிறார்கள். வாழ்த்தட்டைக்காரர் வேறு எதைச் செய்வார்?

தையல் கணக்கு மாதிரி இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மணி நேர இடம். அதில் படம் ஏறத்தாழ 85 நிமிடம், மிச்சம் விளம்பரம். திரைக்கதை ஒன்பது அங்கங்கள். ஒவ்வோர் அங்கமும் விளம்பர இடைவேளையின் வாசலில் போய் நிற்கவேண்டும். முதல் அங்கம் மட்டும் நீளமாக இருக்கும், பார்ப்பவரை நன்றாக உட்காரவைத்த பிறகுதான் சோப்பு விற்கலாம். முத்தத்துக்குக் குனியும் நேரத்தில் கதவு ஏன் திறக்கிறது என்று இப்போது விளங்கியிருக்கும். ஏழாவது அங்கத்திலேயே முத்தமிட்டுவிட்டால் எட்டாவது விளம்பரத்தை யார் பார்ப்பது?

இவற்றில் பெரும்பகுதி எடுக்கப்படுவது நம்முடைய கனடாவில். வன்கூவர் பக்கத்துச் சிற்றூர்களிலும் ஒன்ராறியோவிலும். காரணம் காசு. வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்று கனடியத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியில் 16 வீதத்தைக் கூட்டாட்சி அரசு வரிச்சலுகையாகத் திருப்பிக் கொடுக்கிறது, மாகாணங்கள் தங்கள் பங்கை அதன்மேல் வைக்கின்றன. கனடிய டொலரும் மலிவு. ஒட்டாவாவிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் ஆல்மொன்ட் என்ற பழைய கம்பளி ஆலை ஊர் இருக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அந்தப் பகுதியில்தான் பிறந்தார், அவருக்கு அங்கே சிலையும் உண்டு. இப்போது அந்த ஊரைக் கிறிஸ்மஸ் படங்களில் பார்த்தவர்களே அதிகம்.

ஒரு ஜூலை மாதம் அந்த வழியாகப் போனபோது மில் ஸ்ட்ரீட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது பாகை வெயில். தெருவோரப் பூப்பாத்திகளின்மேல் வெள்ளைப் பஞ்சுக் கம்பளத்தை விரித்திருந்தார்கள். ஓர் ஓரம் விலகி, ஊதா நிறப் பெற்றூனியாப் பூ ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் ஓடிவந்து அதை உள்ளே தள்ளினார். அது மறுபடி எட்டிப் பார்த்தது. நாயகி கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளி மேலங்கியில் நின்றாள். ஒவ்வொரு முறை காட்சி நின்றதும் ஒரு பெண் போய் அவளது பிடரியில் பனிக்கட்டிப் பையை வைத்தாள், இன்னொருத்தி சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தாள். நடைபாதை விளிம்பில் குந்தியிருந்த மின்விளக்குத் தொழிலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலை ஐந்து மணிக்கு வந்தவராம். எப்போது முடியும் என்று கேட்டேன். "முழுப் படத்துக்கும் பதினைந்து நாள்" என்றார். நான் கேட்டது அன்றைய வேலை எப்போது முடியும் என்று. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

வெறுங்கோப்பையை ஆட்டிக்கொண்டு ஆறுதலாக நடக்கும் மனிதர்களைப் பற்றிய படம். அதை எடுப்பவர்களுக்குச் சாப்பிட நேரமில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். படத்தின் நடுவில் ஒருநாள் திடீரென்று கேட்டார்: "இந்தப் பெண் இங்கே வந்து பத்து நாள் ஆகிவிட்டது. இவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

நான் சிரித்தேன். இரவு படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இந்தப் படங்களைக் காதல் படங்கள் என்கிறோம். ஆனால் யாரை வில்லனாக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நகரத்துக் காதலன் அல்ல, அவனுக்கு அவ்வளவு பலம் இல்லை, மூன்றாவது அங்கத்தோடு போய்விடுவான். வில்லன் அலுவலகம். அது தொலைபேசி வடிவில் சட்டைப்பைக்குள் கிடந்து நடுங்குகிறது. பதவி உயர்வு என்ற இனிய குரலில் வந்து ஆளைத் தூக்கிப்போகப் பார்க்கிறது. சிற்றூரிலோ எவருக்கும் அவசரம் இல்லை. வெதுப்பகக்காரி கடையைப் போட்டுவிட்டுப் பனிச்சிலை செய்யப் போகிறாள், தச்சன் நடுப்பகலில் மரம் வெட்ட வருகிறான். கட்டம்போட்ட சட்டைக்காரனை யார் விரும்பினார்கள்? அவனோடு இரண்டு வாரம் சும்மா திரிவதற்கு அவளுக்குக் கிடைத்த விடுப்பை அல்லவா எல்லாரும் ஏங்கிப் பார்க்கிறார்கள்!

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் ஆண்டு விடுப்பாவது கொடுக்கவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் நாளுக்கும் அதே கதி, முதலாளி கொடுத்தால் உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் பன்னிரண்டு வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல். இங்கே ஒன்ராறியோவில் குறைந்தது இரண்டு வாரம் சட்டப்படி உண்டு. இந்தப் படங்கள் பிறந்தது அமெரிக்க மண்ணில் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. எங்கே ஒன்று கிடைக்காதோ அங்கேதான் அதைப் பற்றிய கதை நன்றாக விற்கும்.

அவள் ஊர் சுற்றும் அந்த இரண்டு வாரமும் அவளுடைய மேசையைப் பார்ப்பது யார்? படத்திலேயே விடை இருக்கிறது. நகரத்தில் ஒரு தோழி இருப்பாள். பெரும்பாலும் கறுப்பினப் பெண், சில படங்களில் நம்மைப் போன்ற மண்ணிற முகம். "நீ கவலைப்படாதே, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்வாள். அவளுக்குப் பாட்டியும் இல்லை, பாட்டிக்கு விடுதியும் இல்லை. அண்மைக் காலத்தில் அந்தத் தோழிகளுக்கும் நாயகி வேடம் வரத் தொடங்கியிருக்கிறது. 2019 டிசம்பரில் இரு பெண்கள் மணமுடிக்கும் விளம்பரத்தை ஹால்மார்க் சேனல் நிறுத்தி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் மன்னிப்புக் கேட்டு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அந்தச் சேனலின் தலைமை நிர்வாகி விலகினார். அதன் பிறகுதான் ஒரே பாலினக் காதலர்களும் அந்தப் பனிக்குள் நடக்க அனுமதி பெற்றார்கள்.

அம்மா 1990இல் இருந்து 24 வருடம் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து உதறி மடிப்பார்கள். அந்த உதறல் அவருடைய தோளில் இன்னும் இருக்கிறது, மழை நாளில் தெரியும். ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் தானாகப் பெயர் கொடுத்து வேலைக்குப் போனார். பொதுவிடுமுறை நாள் வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி. "பெருநாள் அவர்களுடையது, ஒன்றரை மடங்கு எங்களுடையது. நாங்கள் சைவக்காரர்தானே" என்பார். அந்த நாளில் பிலிப்பைன்ஸ்காரப் பெண்கள் அவருக்கு நன்றி சொல்வார்களாம், அவர்களுடைய முறையையும் சேர்த்துச் செய்ததற்காக. படத்துத் தோழியின் அந்த வசனம் வரும்போது அம்மா திரையைப் பார்ப்பதில்லை, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். இதை நான் மூன்று நான்கு தடவை கவனித்திருக்கிறேன். கேட்டதில்லை.

2014இல் ஓய்வுபெற்றார். அந்த வருடம் டிசம்பர் 25 அன்று, அவர் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் நாலரை மணிக்கே எழும்பி, தலை இழுத்து, வெளியே போகும் உடுப்பை உடுத்தி, தேநீர் போட்டுக்கொண்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டிருக்கிறார். ஏதோ ஒரு சேனலில் ஒருத்தி காரில் சிற்றூருக்குள் வந்துகொண்டிருந்தாளாம்.

நான் எழும்பி வந்தது எட்டு மணிக்கு. இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கதிரையின் நுனியில், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார்.

"சாப்பிட ஏதாவது செய்யட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"பொறு, விளம்பரம் வரட்டும்" என்றார்.

வணக்கம்.