என் விருப்பமும் அடுத்தவர் மூச்சும்

நண்பர்களே, வணக்கம்.

சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வரும்: "என் காசு, என் வண்டி, என் விருப்பம். தலையிட நீங்கள் யார்?" இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கட்டுப்பாடு என்ற பெயரில் அதிகாரம் என்னவெல்லாம் செய்யும் என்று அறிந்தவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி இது.

சரி, ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜினில் நாக்கிங், அதாவது எரிபொருள் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல், நிற்கும் என்று கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே தெரியும். ஆனாலும் விற்றார்கள். அந்தப் புகை குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. அந்தக் குழந்தைகளின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? சாலை வாகனங்களுக்கு அதை விற்பதைக் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். ஒரு முழு நூற்றாண்டு! இன்று ஈயமில்லாத பெட்ரோல் போடுகிற எவரும் தன் சுதந்திரம் பறிபோனதாக நினைப்பதில்லை.

அன்று வண்டி ஓட்டியவர்களையும் நான் குறை சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் கிடைத்ததைத்தானே அவர்கள் போட முடியும்? எல்லாப் பொறுப்பையும் தனிமனிதர் தலையில் கட்டுவது அநியாயம்.

பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு இன்னும் கடினமான விஷயம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 10 லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இன்று வெளியேறுவதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கும். பாதிக்கப்படுகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களால் ஓட்டுப் போட முடியாது, வழக்கும் போட முடியாது.

அப்படியானால் வரம்பை யார் வகுப்பது? 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுச் சொத்தை மக்களே காத்துவந்த ஊர்களை ஆராய்ந்தவர். அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலைக்கிராமம். குளிர்காலம் முழுக்கத் தன்னால் தீனி போட்டுக் காப்பாற்ற முடிந்த மாடுகளை மட்டுமே ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று அங்கே 1517-லேயே விதி இருந்தது. மேலிருந்து யாரும் திணித்த விதி அல்ல அது.

ஆகவே ஒரு கட்டுப்பாடு வரும்போது நான் முதலில் கேட்பது, புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கு அதை வகுத்த கூட்டத்தில் இடம் இருந்ததா என்பதைத்தான். சுற்றுச்சூழல் விஷயங்களில் தகவல் கேட்கவும், முடிவெடுப்பதில் பங்கேற்கவும், நீதிமன்றம் போகவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சேர்ந்திருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய, மத்திய ஆசிய நாடுகள். மற்ற நாட்டு மக்களும் தங்கள் அரசுகளிடம் இந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.